நாயக்கர் காலத்து அண்டா

பாண்டிச்செல்வம் பட்டாளத்தில் பதினெட்டு வருடம் ஸ்டோர் பிரிவில் இருந்தவர். போர்வை, பூட்ஸ், கொசுவலை ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றி இறக்கியதே அவர் கண்ட போர். ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த பிறகு ஒரு மில் கேட்டில் செக்யூரிட்டியாகப் பத்து வருடம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் வரலாற்று ஆய்வாளர் ஆகிவிட்டார். அதற்கு வேண்டிய தொப்பி அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

'இரு நகர் மரபு மீட்புக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார். தலைவர் அவரே. பேனரில் ஒரே படம் இருந்தால் பார்க்க நன்றாக இல்லை என்பதால், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹமீதைத் துணைத் தலைவர் ஆக்கினார். ஹமீதிடம் சம்மதம் கேட்டது பேனர் அடித்து வந்த பிறகுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரபு நடை. வில்லிபுத்தூர் கோபுரத்தடியில் தொடங்கி, தேரோடும் வீதி, பால்கோவா அடுப்பு, மடவார் வளாகத்துச் சிவன் கோயில் என்று சுற்றி, அங்கிருந்து வேனில் ராஜபாளையம் போய், காளிராஜ் என்பவரின் 'அரண்மனை'யில் மதியச் சாப்பாட்டோடு முடியும். இதுவரை வந்தவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக்காக வந்தவர்கள்.

இந்த வைகாசியில்தான் பெரிய வாய்ப்பு வந்தது. சென்னையில் ஒரு சுற்றுலா நிறுவனம், அடுத்த ஆண்டுப் பட்டியலில் இந்த நடையைச் சேர்க்கலாமா என்று பார்த்துவர இந்து என்ற பெண்ணை அனுப்புவதாகச் சொன்னது. கூடவே வெளியூர்ப் பயணிகள் எட்டுப் பேர். பட்டியலில் சேர்ந்தால் வருடம் முழுக்க ஆள் வரும், வெள்ளைக்காரர்கள் வருவார்கள். பாண்டிச்செல்வம் விசிட்டிங் கார்டில் 'சர்வதேச' என்ற சொல்லை முன்கூட்டியே சேர்த்துவிட்டார். டீக்கடையில், சலூனில், ரேஷன் வரிசையில் சொல்லியாகிவிட்டது. இந்து சரி என்று சொன்னால் சர்வதேசம். இல்லையென்றால் மறுபடியும் மில் கேட்.

போனில் இந்து ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "உங்க டீம்ல லேடீஸ் இருக்காங்களா சார்? ஃபார்ம்ல பெண்கள் பங்களிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. பத்து மார்க்."

"எங்க மிசஸ்தான் மேடம் எல்லாமே" என்றார் பாண்டிச்செல்வம்.

அந்த மிசஸ், கனகலட்சுமி, ஒரு நடைக்குக்கூட வந்ததில்லை. அன்று அடுப்படி வாசல் வரைக்கும் வந்து அவர் கெஞ்சினார்.

"வாரேன்" என்றாள் கனகலட்சுமி. "ஆனா போயிட்டு வந்த பொறவு பரண்ல ஏறி என் அண்டாவ எறக்கித் தரணும். பானுப்பிரியா வீட்டுப் பால்காய்ப்புக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு. ரெண்டு வாரமா கேக்கேன்."

பானுப்பிரியா அவர்களின் மகள். தளவாய்புரத்தில் புது வீடு கட்டியிருந்தாள்.

"முதுகு வலிக்குதுன்னு சொன்னேம்லா" என்றார் பாண்டிச்செல்வம்.

"கோபுரத்த அண்ணாந்து பாத்து ரெண்டு மணி நேரம் பேசும்போது வலிக்காத முதுகு."

"எறக்குவோம், எறக்குவோம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படியை விட்டு வேகமாக வெளியேறினார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை கோபுரத்தடியில் எட்டுப் பயணிகளும் இந்துவும் நின்றார்கள். கனகலட்சுமி கழுத்தில் 'மகளிர் ஒருங்கிணைப்பாளர்' என்ற அட்டை தொங்கியது. அவள் அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

தேரோடும் வீதியில், தூண் வைத்த ஒரு வீட்டுக்கு முன்னால் பாண்டிச்செல்வம் கைத்தடியைத் தூக்கினார்.

"இந்த வீட்டைப் பாருங்கள். முந்நூறு ஆண்டுகள். நாயக்கர் படைத் தளபதி ஒருவர் தங்கிய மாளிகை. இந்தச் சுவரில் கடுக்காய், முட்டை வெள்ளை, பனைவெல்லம் கலந்திருக்கிறது."

பெங்களூரிலிருந்து வந்த தொப்பிக்காரர் ஒருவர் சுவரை முகர்ந்து பார்த்தார்.

"இது இன்சூரன்ஸ் பாக்குறவர் வீடுல்லா" என்றாள் கனகலட்சுமி. "பால்காய்ப்புக்கு நான் வந்திருக்கேன். அப்பக் கைக்கொழந்தையா இருந்த அவர் கடைசி மகனுக்கு இப்பத்தான் காலேஜ் முடிஞ்சிருக்கு. எல்லாருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா குடுத்தாக. மூடி நிக்காது."

தொப்பிக்காரர் மூக்கைச் சுவரிலிருந்து எடுத்தார். இந்து கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ குறித்தாள்.

"எங்க மிசஸுக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி" என்று சொல்லிப் பாண்டிச்செல்வம் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

பால்கோவா அடுப்படியில் இசக்கியம்மாள் என்பவள் அகலமான இரும்புச் சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். புளியம்விறகுப் புகை. எட்டுப் பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தப்புரத்தில் பிறந்த இனிப்பு இது" என்றார் பாண்டிச்செல்வம். "கிண்டும்போது கிண்டுபவர் வாய் பேசக்கூடாது என்பது அக்கால ராஜ கட்டளை. இன்றும் அது கடைப்பிடிக்கப்படுகிறது."

"பேசலாமே" என்றாள் இசக்கியம்மாள். "பராக்குப் பாத்தாத்தான் அடிப்பிடிக்கும்."

"எத்தனை தலைமுறையா செய்யறீங்க?" என்று கேட்டாள் இந்து.

"எங்க மாமனாரு காலத்துல இருந்து. அதுக்கு முந்தி அவிய சைக்கிள் கடை வச்சிருந்தாக. அது ஓடல."

கனகலட்சுமி சட்டியை எட்டிப் பார்த்து, "இன்னும் செத்த நேரம் கிண்டணும் போல" என்றாள். இசக்கியம்மாள் ஆமாம் என்று தலையசைத்து, ஓரத்தில் வழித்ததை ஒரு இலையில் வைத்து அவளுக்கு மட்டும் நீட்டினாள். அன்றைய நடையில் ராஜ மரியாதை என்று ஏதாவது நடந்ததென்றால் அது ஒன்றுதான்.

மடவார் வளாகத்தில் பாண்டிச்செல்வம் இழந்த நிலத்தைத் திரும்பப் பிடித்தார். கல்வெட்டுக்கு முன்னால் நின்று, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, விரலை ஓட்டி, குரலைத் தாழ்த்தி, "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கி, ஐந்து நிமிடம் படித்தார். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லாதது எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று. தொப்பிக்காரர் வீடியோ எடுத்தார். இந்துகூட நிமிர்ந்து பார்த்தாள். கனகலட்சுமி பூக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

வேனில் ஏறும்போது பாண்டிச்செல்வத்தின் மார்பு பழையபடி விரிந்திருந்தது. இனி மிச்சம் இருப்பது அரண்மனை. அங்கே அவர் தோற்றதே இல்லை.

*

காளிராஜ் பேண்டேஜ் துணி வியாபாரத்தில் நன்றாக வந்தவர். காலும் கையும் முறிய முறிய அவர் வீடு உயர்ந்தது. மாடி போட்டு முடித்த பிறகு, வீட்டுக்கு வயது போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. தூண்களைச் செட்டிநாட்டில் இடித்த வீட்டிலிருந்து லாரியில் கொண்டுவந்தார். கதவு தஞ்சாவூர்ப் பக்கம். ஊஞ்சல் எந்த ஊர் என்று அவருக்கே மறந்துவிட்டது. வாசலில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய் படுத்திருந்தது. எதிரிக் குதிரைப்படையைச் சிதறடித்த பரம்பரை என்று பாண்டிச்செல்வம் அறிமுகப்படுத்தினார். உள்ளே குக்கர் விசில் அடித்ததும் அது கட்டிலுக்கடியில் போய்விட்டது.

கூடத்தில் பதினேழு பழம்பொருட்கள். ஒவ்வொன்றின் மேலும் லாமினேட் செய்த ஒரு சான்றிதழ். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து: ஆய்வு செய்து உறுதிப்படுத்துபவர், ஹவில்தார் (ஓய்வு) மு. பாண்டிச்செல்வம். அதற்குப் பதிலாகத்தான் நடைக்கு வருகிறவர்களுக்குக் காளிராஜ் சாப்பாடு போட்டார்.

கூடத்தின் நடுவில், சிவப்பு வெல்வெட் விரித்த மேடையில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு பித்தளை அண்டா கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

பாண்டிச்செல்வம் தொப்பியைக் கழற்றினார். அண்டாவுக்கு முன்னால் மட்டும் கழற்றுவார்.

"கி.பி. ஆயிரத்து அறுநூற்று நாற்பது. போருக்குப் புறப்பட்ட படைக்குச் சோறு வடித்த அண்டா. இதன் உலோகக் கலவையை இன்று யாராலும் செய்ய முடியாது. கேளுங்கள் இந்த நாதத்தை." விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். அண்டா 'ஙொய்' என்றது. "இது முரசாகவும் பயன்பட்டது."

எட்டுப் பேரும் படம் எடுத்தார்கள். காளிராஜ் வெல்வெட் நாற்காலியில் சாய்ந்து, அந்தப் படை தன் தாத்தாவுடையது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கனகலட்சுமி மட்டும் படம் எடுக்கவில்லை. சத்தத்தைக் கேட்டதும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அண்டாவின் இடப்பக்கக் காதைத் தடவினாள். மூன்று ஆணி. மூன்றாவது மற்ற இரண்டையும்விடப் பெரியது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"இது என் அண்டா" என்றாள்.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"ஏ, கனகு" என்றார் பாண்டிச்செல்வம், பல்லுக்கிடையில். "அண்டான்னா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். அங்கிட்டு வா."

"எங்கண்ணன் வண்டியில இருந்து இறக்கும்போது கீழ போட்டு இந்தக் காது பிஞ்சிருச்சு. மம்சாபுரத்துல வச்சு ஆணி அடிச்சோம். இருந்த ஆணி ரெண்டு, பத்தாம ஒரு பெரிய ஆணி. அடியில என் பேரு இருக்கும், பாருங்க."

இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கையில் கிடைக்கிற பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்துவிடுவார்கள். யார் கொடுத்தது, யாருக்கு, எந்த வருடம் என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எந்த வீட்டுக் குத்துவிளக்கு எந்த வீட்டுக்குப் போனது, எந்தச் சம்பந்தி வாக்குக் கொடுத்ததைவிட எடை குறைவாக வைத்தார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆண்கள் பார்ப்பதில்லை. அவர்களுக்கு உள்ளே இருக்கும் சோறு போதும். கோயில் கோயிலாகப் போய்க் கல்லைப் படித்த பாண்டிச்செல்வம், முப்பது வருடமாக வீட்டில் ஒரு செம்பைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. இந்த அண்டாவுக்குச் சான்றிதழ் எழுதிய அன்றைக்கும் திருப்பவில்லை.

தொப்பிக்காரரும் இந்துவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்டாவைச் சாய்த்தார்கள். காளிராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். யாரோ செல்போன் வெளிச்சத்தை அடித்தார்கள். இந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"மம்சாபுரம் கருத்தப்பாண்டி, இருளம்மாள். மகள் கனகலட்சுமிக்கு. கல்யாணச் சீர். பத்து, ஆறு, தொண்ணூற்றொன்று."

கட்டிலுக்கடியில் நாய் ஒருமுறை முனகியது.

அந்தத் தேதியில் பாண்டிச்செல்வம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு இந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருந்தார். போன வருடம் இதே அண்டாவைத் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றியவரும் அவரே. அதன் பிறகு அது எங்கே போனது என்று அவர் விசாரிக்கவில்லை; மனைவி கேட்டபோதெல்லாம் முதுகு வலியைச் சொல்லிச் சமாளித்தார். வெல்வெட்டில் ஏறி, கறுத்து, விளக்கு வெளிச்சத்தில் திரும்பி வந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான்கு மாதமாக இதற்குத் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆனால் ஸ்டோரில் ஆடிட் பார்த்து வளர்ந்த மூளை அது. ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டது.

"நண்பர்களே" என்றார். "இதுதான் வரலாறு. நாயக்கர் காலத்து அண்டா, கைமாறிக் கைமாறி, என் மாமனார் குடும்பத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் அதன் அருமை தெரியாமல் பிற்காலத்தில் பெயர் வெட்டிவிட்டார்கள். அண்டா பழையது. எழுத்துத்தான் புதியது."

தொப்பிக்காரர் "ஓ" என்று கைதட்டத் தயாரானார்.

"பேருக்கு மேல வட்டமா ஒரு முத்திரை இருக்கும் பாருங்க" என்றாள் கனகலட்சுமி. "மதுரைக் கடை. எங்கப்பாவோட நானும் போயிருந்தேன். கடைக்காரரு என் கண்ணு முன்னால எடையும் வருசமும் குத்துனாரு. பொண்ணு பாக்குறாளேன்னு அழுத்திக் குத்துனாரு."

இந்து பார்த்தாள். முத்திரை இருந்தது. அழுத்தமாகவே இருந்தது. தொப்பிக்காரர் கைகளைப் பிரித்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கனகலட்சுமி இப்போதுதான் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "பரண்ல இருந்த அண்டா இங்க எப்படி வந்துச்சு?"

"நான் முறையா வாங்குனது" என்றார் காளிராஜ், அவசரமாக. "வில்லிபுத்தூர் ஹமீது பாய் கடையில. பில் இருக்கு."

கனகலட்சுமி இடுப்பிலிருந்த பர்ஸைத் திறந்து செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்கக்கா" என்றது ஹமீதின் குரல். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

"ஹமீது தம்பி, காளிராஜ் வீட்டுக்கு ஒரு அண்டா குடுத்தீகளே, அது உங்க கடைக்கு எப்படி வந்துச்சு?"

பாத்திரச் சத்தம் நின்றது. "அக்கா, அண்ணாச்சி பக்கத்துல இருக்காகளா?"

"இருக்காக."

"அப்ப அவியட்டயே கேளுங்களேன்."

"நான் உங்கட்ட கேக்கேன் தம்பி."

ஹமீது பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் காற்றாக வந்தது. "அண்ணாச்சிதான் ஆட்டோவுல கொண்டாந்து எடைக்குப் போட்டாக. மரபுக் கழகத்து பேனரெல்லாம் வைக்கப் பரண்ல எடம் பத்தலைன்னாக. அக்காட்ட கேட்டீகளான்னு ரெண்டு தடவ கேட்டேன். அவதான் கொண்டுபோகச் சொன்னான்னு சொன்னாக. உங்க பேரு இருக்கேன்னு நான் அத ஆறு மாசம் விக்காம வச்சிருந்தேங்கா. யாரும் கேட்டு வரல."

"நாயக்கர் காலம்னு நீங்களா சொன்னீக?"

"நான் பழைய அண்டான்னுதான் குடுத்தேன். நாயக்கர எழுதுனது அண்ணாச்சி. எனக்கே பேப்பர்ல பாத்துத்தான் தெரியும்."

கனகலட்சுமி போனை வைத்தாள். எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாண்டிச்செல்வத்துக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

"எனக்கு அண்டா வேணும்" என்றாள் காளிராஜிடம். "நீங்க குடுத்த பணத்த ஹமீது தம்பி திருப்பித் தந்திருவாக. என் மக வீட்டுக்குக் கொண்டுபோகணும்."

காளிராஜ் சுவரைக் காட்டினார். "அம்மா, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஆனா சான்றிதழ் இருக்குல்லா. நானூறு வருசம்னு கையெழுத்துப் போட்டிருக்காரு உங்க வீட்டுக்காரரு. அவரு சொல்றது நெசம்னா அண்டா என்னுது, வரலாறு. நீங்க சொல்றது நெசம்னா அவரு எழுதுனது பொய். எதுன்னு அவரே எழுதிக் குடுக்கட்டும். பொய்னு எழுதுனா எடுத்துட்டுப் போங்க."

எல்லோரும் பாண்டிச்செல்வத்தைப் பார்த்தார்கள். இந்து டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் கையில் சர்வதேசம் இருந்தது. மனைவியின் கை மறுபடியும் அண்டாவின் காதில் இருந்தது. ஒரு சொல்லில் தப்பித்துவிடலாம். நானூறு என்று ஒரே ஒரு சொல். கனகலட்சுமி சண்டை போடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சோறு போடுவாள். பரண் பக்கம் மட்டும் இனி நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

பாண்டிச்செல்வம் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

வரலாற்று ஆய்வாளர் என்ன எழுதுவார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்டோர் ஹவில்தார் என்ன எழுதுவார் என்று தெரிந்தது. கை தானாக ஓடியது.

'பொருள்: அண்டா, பித்தளை, ஒன்று. வயது தவறாகப் பதிவு செய்யப்பட்டது. தவறு: கீழே கையொப்பமிட்டவருடையது. மேற்படி பொருள் உடைமையாளரின் அனுமதியின்றி வெளியேற்றப்பட்டது. இன்று உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.'

கையெழுத்துப் போட்டார். பழக்கத்தில், 'பெற்றுக்கொண்டேன்' என்று கீழே ஒரு கோடு போட்டு, பேனாவை மனைவியிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் இதுவரை எழுதிய சான்றிதழ்களில் பிழையில்லாதது அது ஒன்றுதான்.

காளிராஜ் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கூடத்தைச் சுற்றி மெதுவாகப் பார்வையை ஓட்டினார். தூண், கதவு, ஊஞ்சல், வாள், பல்லக்கு. ஒவ்வொன்றின் மேலும் அதே கையெழுத்து.

"அப்ப மத்த பதினாறு?" என்றார்.

"சாப்பாடு ஆறுது" என்றார் தொப்பிக்காரர்.

எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பருப்பு உருண்டைக் குழம்பு நன்றாக இருந்தது. சப்பட்டை மாம்பழம் அதைவிட நன்றாக இருந்தது. அவற்றுக்கு யாரும் வயது சொல்லவில்லை.

*

வேன் பயணிகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டது. பாண்டிச்செல்வமும் கனகலட்சுமியும் அண்டாவும் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றார்கள். அரண்மனையிலிருந்து அதுவரை அவர்தான் தலையில் சுமந்து வந்தார். தொப்பி அண்டாவுக்குள் கிடந்தது. முதுகு வலி என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கண்டக்டர் அண்டாவுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். பக்கத்து சீட்டுப் பெண் ஒருத்தி, முகம் தெரியாதவள், உட்கார்ந்த கையோடு குனிந்து, அவர் மடியில் சாய்ந்திருந்த அண்டாவின் அடியைப் படித்தாள்.

"கனகலட்சுமி நீங்களா? சீர் அண்டாவா?"

"ஆமா."

"வீட்டுக்காரரு மடியிலயே வச்சிட்டு வாராகளே. நல்ல மனுசன்."

"ரொம்ப" என்றாள் கனகலட்சுமி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

மில்களைத் தாண்டும்போது போனில் இந்துவின் செய்தி வந்தது. மதிப்பெண் பட்டியல். நம்பகத்தன்மை: பூஜ்யம். வழிகாட்டியின் அறிவு: ஒன்று. உணவு: ஒன்பது. பெண்கள் பங்களிப்பு: பத்துக்குப் பத்து. அதற்குக் கீழே, இந்த நடையைப் பட்டியலில் சேர்க்க இயலாததற்கு வருந்துகிறோம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கனகலட்சுமி சேலையைச் சொருகிக்கொண்டு தானே பரணில் ஏறினாள். இன்னும் என்னென்ன போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். குத்துவிளக்கு இருந்தது. செப்புக்குடம் இருந்தது. மற்ற இடம் முழுக்கச் சுருட்டிய பேனர்கள். ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். பதினான்கு. பாண்டிச்செல்வம் கீழே நின்று பிடித்து அடுக்கினார்.

மறுநாள் நல்ல வெயில். அரிசிக்கூழ் காய்ச்சி, அண்டாவில் ஊற்றி, மாடிக்கு ஏற்றச் சொன்னாள். அங்கே மிகப்பெரிய பேனர் விரிந்து கிடந்தது. கனகலட்சுமி குத்தவைத்து உட்கார்ந்து வத்தல் பிழிய ஆரம்பித்தாள். 'மரபு' மேல் ஒரு வரிசை, 'மீட்பு' மேல் ஒரு வரிசை. தலைவரின் மீசை, மூக்கு, தொப்பி எல்லாம் வெள்ளையாக மூடியது.

காக்கா விரட்டப் பாண்டிச்செல்வத்தை மாடியில் உட்காரவைத்துவிட்டு அவள் இறங்கிப்போனாள். அவர் கைத்தடியோடு நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் பேனரைப் பார்த்தார். நெருக்கமாக, இடம் விடாமல் பிழிந்திருந்தாள். வலது மூலையில் துணைத் தலைவர் ஹமீதின் படத்தைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடம் விட்டிருந்தாள்.